மெர்சடா, டி ஆன்சாவா: பெர்க்லிக்கு மாறுவதுதான் திட்டம் என்றால்

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். மகள் ஃப்ரீமாண்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள், கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்க ஆசை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) வளாகங்களான பெர்க்லியும் சான் டியாகோவும் கிடைக்கவில்லை. அதே யூசியின் மெர்சட் வளாகத்திலும் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்திருக்கிறது. மெர்சடில் சேர்ந்து ஒரு வருடம் கழித்து பெர்க்லிக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கிவிடலாம் என்கிறார் ஒரு நண்பர். அதெல்லாம் வேண்டாம், டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜில் (முதல் இரண்டு வருடப் பாடங்களைக் குறைந்த கட்டணத்தில் நடத்தும் பொதுக் கல்லூரி) இரண்டு வருடம் படித்துவிட்டு மாறுங்கள் என்கிறார் இன்னொருவர். நீங்கள் எச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எது சரி என்று ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தாலும் இதற்குள் இரண்டு இருக்கின்றன. மாறுவது என்று முடிவாகிவிட்டால் எங்கிருந்து மாறுவது சுலபம் என்பது ஒன்று. மாற முடியாமல் போனால் எங்கே நிற்போம் என்பது இன்னொன்று. முதலாவதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. இரண்டாவதுதான் நீங்களும் மகளும் உட்கார்ந்து பேச வேண்டியது, அதைப் பெரும்பாலான குடும்பங்கள் பேசுவதே இல்லை.

நான் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் பல வருடங்களாகக் கணக்கு நடத்துகிறேன். கால்குலஸ் வகுப்பில் உட்காருகிறவர்களில் பாதிக்கு மேல் டிரான்ஸ்ஃபரை மனதில் வைத்து வந்தவர்கள்தான். நான் கவுன்சிலர் (கல்லூரியில் படிப்புக்கு வழிகாட்டும் ஆலோசகர்) இல்லை, குடியேற்ற வழக்கறிஞரும் இல்லை, அதனால் அந்த இரண்டு இடங்களிலும் நான் எழுதுவதைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, இது முழுக்க கலிஃபோர்னியாவுக்கான பதில். டிரான்ஸ்ஃபர் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஃப்ளோரிடாவிலும் வர்ஜீனியாவிலும் வலுவான ஒப்பந்தங்கள் உண்டு, பல மாநிலங்களில் ஒவ்வொரு கல்லூரியும் தன் போக்கில் போகும். நியூ ஜெர்சியில் இருக்கும் உறவினர் சொல்லும் யோசனை இங்கே பொருந்தும் என்று நினைக்க வேண்டாம்.

முதலில் அந்த "ஒரு வருடம் கழித்து" என்பதை ஓரமாக வைத்துவிடலாம். யூசி டிரான்ஸ்ஃபர் என்றால் ஜூனியராக, அதாவது மூன்றாம் ஆண்டில் நுழைவது. அதற்கு 60 செமஸ்டர் யூனிட் முடித்திருக்க வேண்டும் (யூனிட் என்பது ஒரு பாடத்தின் அளவைக் காட்டும் எண்; டி ஆன்சா மாதிரி, செமஸ்டரை விடக் குறுகிய பருவங்கள் கொண்ட குவார்ட்டர் முறைக் கல்லூரியில் 90). பெர்க்லி கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு ஒரு வருடத்தில் தாவ வழி இல்லை. மெர்சடில் இருந்து போனாலும் இரண்டு வருடம், டி ஆன்சாவில் இருந்து போனாலும் இரண்டு வருடம்.

அப்புறம் வரிசை. யூசி வளாகங்கள் டிரான்ஸ்ஃபர் இடங்களைக் கொடுக்கும்போது கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு முதலிடம் தருகின்றன, எழுதி வைத்த கொள்கையாகவே. உள்ளே வரும் டிரான்ஸ்ஃபர் மாணவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அங்கிருந்து வருகிறவர்கள்தான். இதற்குக் காரணம் மாநிலத்தின் உயர்கல்விக்காக 1960-இல் போட்ட மாஸ்டர் பிளான். யூசி பள்ளி மாணவர்களில் மேல் எட்டில் ஒரு பங்கை எடுக்கும், மாநிலத்தின் இன்னொரு பொதுப் பல்கலைக்கழகத் தொகுப்பான கால் ஸ்டேட் மேல் மூன்றில் ஒரு பங்கை எடுக்கும், மற்ற எல்லாருக்கும் கம்யூனிட்டி காலேஜ் கதவு திறந்திருக்கும், அங்கே நன்றாகப் படித்தவர்கள் மூன்றாம் ஆண்டில் மேலே ஏறலாம் என்பது அதன் அடிப்படை. அந்த ஏறும் வழியை மூடிவிட்டால் மொத்த ஏற்பாடே நியாயமில்லாமல் போய்விடும் என்பதால்தான் இத்தனை வருடமாகக் காப்பாற்றி வருகிறார்கள். மெர்சடில் இருந்து பெர்க்லிக்குப் போகக் கூடாது என்று விதி இல்லை, ஒவ்வொரு வருடமும் சிலர் போகிறார்கள். ஆனால் உங்கள் மகள் வரிசையில் பின்னால் நின்று போட்டியிடுவாள், அதுவும் கம்யூனிட்டி காலேஜ் மாணவியை விடப் பல மடங்கு செலவழித்துக்கொண்டு. அரிசோனா ஸ்டேட் இன்னும் சிக்கல். அங்கே எடுத்த எந்தப் பாடம் இங்கே எதற்கு ஈடு என்பதற்கு முன்கூட்டியே போட்ட அதிகாரபூர்வப் பட்டியல் கையில் இருக்காது, பாடம் பாடமாக மதிப்பிட வேண்டிவரும். அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையில், கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்களில் 43 சதவீதத்தை இழந்தார்கள் என்று மதிப்பிட்டிருந்தது. நாடு முழுக்க, எல்லா வகை மாற்றத்தையும் சேர்த்த எண் அது. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் இருந்து யூசிக்கு ஒழுங்காகத் திட்டமிட்டுப் போகிறவருக்கு அப்படி ஆக வேண்டியதில்லை. ஆனால் ஒப்பந்தம் இல்லாத இடத்தில் இருந்து வந்தால் என்ன நடக்கும் என்பதை அந்த எண் காட்டுகிறது.

பணமும் இதே பக்கம்தான் சாய்கிறது. கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிகளுக்குக் கட்டணம் ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர், இரண்டு வருடத்துக்கும் சேர்த்து. புத்தகம், சின்னச் சின்னக் கட்டணங்கள், பெட்ரோல் எல்லாம் தனி. யூசியில் கல்விக் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 15,000 டாலர் பக்கம், விடுதியும் சாப்பாடும் சேர்ந்தால் 40,000-ஐத் தொட்டுவிடும். எச்-4 என்பதால் மத்திய அரசின் கல்வி உதவியும் உங்களுக்குக் கிடையாது, ஆக இந்த வித்தியாசம் முழுவதும் உங்கள் கையில் இருந்து போகிற பணம்.

இதுவரை சொன்னது சந்தேகமில்லாத பகுதி. மாறுவதுதான் குறி என்றால் நான்கு வருடப் பல்கலைக்கழகத்தைக் காத்திருப்பு அறையாகப் பயன்படுத்தாதீர்கள், கம்யூனிட்டி காலேஜ்தான் நேர்வழி.

ஆனால் அந்த வழியில் போகிற எல்லாரும் போய்ச் சேருவதில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குப் பாதிதான் சொன்னதாக ஆகும். நாடு முழுவதும் எடுத்த கணக்குப்படி, கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறவர்களில் ஐந்தில் நான்கு பேர் இளங்கலைப் பட்டம் வரை போக வேண்டும் என்று சொல்லித்தான் சேர்கிறார்கள். உண்மையில் நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்கள் மூன்றில் ஒருவர். ஆறு வருடத்தில் பட்டம் வாங்குகிறவர்கள் சுமார் 16 சதவீதம். இதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், அப்படியே ஒதுக்கியும் விட வேண்டாம். அந்தக் கணக்கில் வேலை பார்த்துக்கொண்டே பாதி நேரம் படிக்கிறவர்கள், குழந்தை வளர்க்கிறவர்கள், நடுவில் விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். வீட்டில் இருந்து முழு நேரமாக, கணக்கில் நல்ல அடித்தளத்தோடு வரும் பதினெட்டு வயதுப் பெண்ணின் நிலை வேறு. கல்லூரியே மாணவரைத் தடுக்கிறதா, அல்லது ஏற்கனவே தடை இருக்கிறவர்கள்தான் அங்கே அதிகம் வருகிறார்களா என்பதை ஆய்வாளர்களே இன்னும் முழுசாகப் பிரித்துக் காட்ட முடியவில்லை. நான் வகுப்பில் பார்ப்பது இரண்டுமே உண்மை என்பதுதான்.

எங்கே தடுக்கிறது என்று சொல்கிறேன், இது எனக்கு நெருக்கமாகத் தெரிந்த பகுதி. அசிஸ்ட் என்று ஒரு தளம் இருக்கிறது, கலிஃபோர்னியாவின் பொதுக் கல்லூரிகளுக்கு இடையே எந்தப் பாடம் எதற்கு ஈடு என்பதற்கான அதிகாரபூர்வப் பதிவு. இன்று இரவே மகளோடு உட்கார்ந்து திறந்து பாருங்கள். வருடம், டி ஆன்சா, பெர்க்லி, கம்ப்யூட்டர் சயன்ஸ் என்று தேர்ந்தெடுத்தால் பக்கம் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் பெர்க்லி கேட்கும் பாடம், வலது பக்கம் அதற்கு ஈடான டி ஆன்சா பாடம். சில வரிகளில் வலது பக்கம் ஈடு இல்லை என்று மட்டும் போட்டிருக்கும். அதையே டேவிஸுக்கும், இர்வைனுக்கும், சான் டியாகோவுக்கும் செய்து, நான்கையும் ஒரே தாளில் சேர்த்து எழுதுங்கள். ஒரே மேஜருக்கு (முதன்மைப் படிப்புக்கு) நான்கு வளாகமும் நான்கு விதமாகக் கேட்பது அப்போதுதான் கண்ணில் படும். ஒரு இடம் இயற்பியல் தொடரை முழுசாகக் கேட்கும், இன்னொரு இடம் அதைக் கண்டுகொள்ளாது, புரோகிராமிங் பாடங்களில் மொழி வரைக்கும் வித்தியாசம் வரலாம்.

அடுத்து அந்தப் பாடங்களை அட்டவணையில் வையுங்கள். டி ஆன்சாவில் கால்குலஸ் நான்கு பாடம், ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. மேலே லீனியர் ஆல்ஜிப்ரா. இயற்பியலுக்குள் நுழையவே கால்குலஸ் வேண்டும். மகள் ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) கால்குலஸ் பிசி-யில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தால் தொடரின் நடுவில் இருந்து ஆரம்பிப்பாள், இரண்டு வருடம் தாராளம். ப்ரீகால்குலஸில் இருந்து ஆரம்பிக்க வேண்டியவள் என்றால் அப்போதே மூன்றாவது வருடம் எட்டிப் பார்க்கும். வகுப்பில் இடம் கிடைப்பதும் ஒரு விஷயம். ஆய்வகம் உள்ள இயற்பியல், வேதியியல் வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும், புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பதிவுத் தேதி பின்னால் வரும். ஓரியன்டேஷனையும் கல்வித் திட்டத்தையும் முன்னதாக முடித்தவர்களுக்குத்தான் முன்னுரிமை. என் வகுப்பின் முதல் நாளில் கதவோரம் மடிக்கணினியோடு நிற்கிற மாணவர்கள், காத்திருப்புப் பட்டியலில் மூன்றாவது, நான்காவது ஆள், யாராவது வராமல் போனால் தனக்கு இடம் வருமா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த ஒரு பாடம் கிடைக்காமல் போனால் சிலருக்கு டிரான்ஸ்ஃபரே ஒரு வருடம் தள்ளிப்போகும், ஏனென்றால் யூசி வளாகங்கள் பெரும்பாலும் இலையுதிர் பருவத்துக்குத்தான் டிரான்ஸ்ஃபர் எடுக்கின்றன.

காலக்கணக்கும் மக்கள் நினைப்பதை விட இறுக்கம். விண்ணப்பத்தை இரண்டாம் வருடத்தின் அக்டோபர், நவம்பரில் போட வேண்டும். அந்த நேரத்தில் பெர்க்லிக்குக் காட்ட மகளிடம் இருப்பது ஒரு வருட மதிப்பெண்ணும் ஒரு கோடைக்காலமும்தான். முதல் செமஸ்டரில் கொஞ்சம் பழகிக்கொள்ளலாம் என்ற சலுகை அங்கே இல்லை. அதனால்தான், இன்னும் என்ன படிப்பது என்று தெரியாத பிள்ளைகளுக்குக் கம்யூனிட்டி காலேஜ் நல்லது என்று எல்லாரும் சொல்வதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பல துறைகளைக் குறைந்த செலவில் தொட்டுப் பார்க்க நல்ல இடம், சரி. ஆனால் கம்ப்யூட்டர் சயன்ஸ், இன்ஜினியரிங் மாதிரி படிப்புக்குள் டிரான்ஸ்ஃபர் வேண்டுமென்றால் முதல் குவார்ட்டர் முடிவதற்குள் மேஜர் முடிவாகியிருக்க வேண்டும். முதலாம் ஆண்டிலேயே (ஃபிரெஷ்மேனாக) யூசியில் சேர்ந்தவளுக்கு இதை விட அவகாசம் அதிகம்.

இப்போது பெர்க்லி. இங்கேதான் யாராலும் உறுதி தர முடியாது, உறுதி தருகிறேன் என்று பணம் வாங்கும் தனியார் ஆலோசகர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். யூசியில் டேக் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, குறிப்பிட்ட பாடங்களும் ஜிபிஏ-வும் (4.0 அளவிலான சராசரி மதிப்பெண்) இருந்தால் இடம் நிச்சயம் என்று எழுத்தில் தருவது. அதைத் தருபவை ஆறு வளாகங்கள்: டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ். ஒரு வளாகத்துக்குத்தான் போட முடியும், செப்டம்பர் மாதத்துக்குள். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ மூன்றிலும் டேக் கிடையாது. தருகிற ஆறிலும் கூட்டம் மொய்க்கும் மேஜர்களை விலக்கி வைக்கும் இடங்கள் உண்டு, சான்டா பார்பராவின் இன்ஜினியரிங் கல்லூரி அப்படித்தான். இந்தப் பட்டியல் வருடா வருடம் மாறும், அந்தந்த வருடத்தின் அட்டவணையைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம். பெர்க்லியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் இப்போது 2023-இல் உருவான தனிக் கல்லூரிக்குள் இருக்கிறது. வேறு மேஜரில் நுழைந்துவிட்டு உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம் என்ற பழைய யோசனை இனி உதவாது. டிரான்ஸ்ஃபரில் அதற்குள் போவது மிகக் கடினம், 4.0 வைத்திருந்தும் கிடைக்காதவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். யூசியின் தகவல் மையம் ஒவ்வொரு வளாகத்துக்கும் மேஜர் வாரியாக எத்தனை பேர் டிரான்ஸ்ஃபருக்கு விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, அவர்கள் ஜிபிஏ என்ன என்று வெளியிடுகிறது. வளாகத்தின் மொத்த சதவீதத்தைப் பார்க்காதீர்கள், மேஜரின் வரியைப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருக்கும்.

ஆக, கம்யூனிட்டி காலேஜ் வழி பெர்க்லிக்கு உறுதி தராது. டேவிஸ், இர்வைன், சான் டியாகோ, சான் ஹோசே ஸ்டேட், கால் பாலி என்று ஒரு விரிந்த பட்டியலில் ஏதோ ஒன்றில் நல்ல இடத்தில் கொண்டுபோய் விடும் வாய்ப்பு அதிகம், அதில் பெர்க்லியும் ஒரு விண்ணப்பம். இப்படிப் பார்க்க உங்கள் வீட்டில் எல்லாராலும் முடியுமா என்பதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது கேள்வி. பெர்க்லி இல்லையென்றால் இரண்டு வருடம் வீண் என்று மகளோ நீங்களோ நினைப்பீர்கள் என்றால், இப்போதே மெர்சடை ஏற்றுக்கொள்வது நல்லது. டி ஆன்சாவில் படித்துவிட்டு, கடைசியில் டேக் மூலம் மெர்சடுக்கே போய்ச் சேரும் சாத்தியமும் உண்டு. அதில் தப்பே இல்லை, பணம் மிச்சம்தான். ஆனால் அந்த நாளில் அதை எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று இன்றே பேசிவிடுங்கள்.

மெர்சடைப் பற்றி நம் ஆட்கள் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. 2005-இல் திறந்த, யூசியிலேயே இளைய வளாகம், சிறியது. முதலாம் ஆண்டு மாணவி பேராசிரியரின் ஆய்வுக்கூடத்துக்குப் போய் நானும் சேரலாமா என்று கேட்க முடிகிற இடம். டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் இழப்பது அதைத்தான். மூன்றாம் ஆண்டு செப்டம்பரில் புது வளாகத்துக்கு வருகிறார்கள், வந்த சில வாரத்தில் அடுத்த கோடையின் இன்டர்ன்ஷிப்புக்கு வேலைவாய்ப்புக் கண்காட்சி நடக்கிறது, யாரையும் தெரியாது, பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் இல்லை, அதே நேரத்தில் மேல்நிலைப் பாடங்கள் மூன்று ஒன்றாக வந்து விழும். முதல் பருவத்தில் பலருக்கு மதிப்பெண் இறங்கும், பிறகு ஏறும். யூசியின் ஜிபிஏ அங்கே எடுத்த பாடங்களை மட்டும் வைத்துப் புதிதாகத் தொடங்குவதால், டி ஆன்சாவில் வாங்கிய 4.0 அப்போது தாங்கிப் பிடிக்காது. ஆனால் உள்ளே நுழைந்த டிரான்ஸ்ஃபர் மாணவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் நான்கு வருடத்துக்குள் பட்டம் வாங்கிவிடுகிறார்கள். கைவிடப்படுகிறவர்கள் இல்லை, நட்பும் தொடர்பும் தாமதமாகத் தொடங்குகிறவர்கள். பட்டச் சான்றிதழில் கம்யூனிட்டி காலேஜின் பெயர் வராது, அந்தக் கவலை உங்கள் உறவினர்களுக்கு இருந்தால் சொல்லிவிடலாம்.

பிள்ளையின் குணமும் கணக்கில் வர வேண்டும், இது எந்தத் தளத்திலும் கிடைக்காது. கம்யூனிட்டி காலேஜில் யாரும் துரத்திக்கொண்டு வரமாட்டார்கள். ஒரு கவுன்சிலருக்கு நூற்றுக்கணக்கான மாணவர்கள். மூன்று மணிக்கு வகுப்பு முடிந்தால் வளாகம் வெறிச்சோடிவிடும், எல்லாரும் காரை எடுத்துக்கொண்டு வேலைக்கோ வீட்டுக்கோ போய்விடுவார்கள். தானாகத் தேதியைக் குறித்துவைத்து, தானாகக் கவுன்சிலரிடம் நேரம் வாங்கி, வகுப்பு முடிந்ததும் என் அறைக்கு வந்து சந்தேகம் கேட்கிற பிள்ளைகள் அங்கே செழிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அம்மா தள்ளித் தள்ளிப் படித்த பிள்ளை திடீரென்று கிடைத்த இடைவெளியில் ஒரு வருடத்தைத் தொலைத்துவிடுவதையும் பார்க்கிறேன், அந்தப் பிள்ளைக்கு விடுதியும் கூட்டாளிகளும் உள்ள வளாகமே பாதுகாப்பு. உங்கள் மகள் எந்த வகை என்று உங்களுக்குத்தான் தெரியும், அவளையே கேட்டாலும் நேர்மையாகச் சொல்வாள்.

கடைசியாக எச்-4. எச்-4-இல் இருக்கிறவர்கள் கலிஃபோர்னியாவில் வதிவுரிமை நிறுவி மாநிலவாசிக் கட்டணம் கட்ட முடியும், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கிறவர்களால் பொதுவாக முடியாது. மகளுக்கு 21 வயது ஆகும்போது கிரீன் கார்டு வந்திருக்காவிட்டால் எச்-4 முடிந்துவிடும், பெரும்பாலும் எஃப்-1-க்கு மாறுவார்கள். 21 எப்போது என்று ஒரு தாளில் குறியுங்கள், எந்த வழியில் போனாலும் அது படிப்பின் நடுவில்தான் விழும். மாநிலவாசி இல்லை என்று ஆகிவிட்டால் யூசியில் வருடத்துக்கு 30,000 டாலருக்கு மேல் கூடுதல் வரும், டிரான்ஸ்ஃபர் ஆகும்போது புது வளாகம் வதிவுரிமையை மறுபடி பரிசீலிக்கும். ஏற்கனவே வதிவுரிமை உள்ளவருக்கு விசா வகை மாறினால் என்ன ஆகும் என்பதை நண்பர்கள் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மெர்சடின் வதிவுரிமை அலுவலகத்துக்கும் டி ஆன்சாவின் சேர்க்கை அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள், விசாவுக்கு வழக்கறிஞரைப் பாருங்கள். கம்யூனிட்டி காலேஜ் வழி மூன்று வருடமாக நீண்டால் உங்கள் குடும்பத்துக்கு அதிகம் செலவாவது இந்த இடத்தில்தான்.

மெர்சடுக்கு மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும், டி ஆன்சாவுக்கு அப்படிக் கெடு இல்லை, செப்டம்பர் கடைசியில்தான் வகுப்பு தொடங்கும். ஆக அவசரம் மெர்சட் பக்கம் மட்டும். மகள் இந்த வருடம் எந்தக் கணக்குப் பாடம் எடுக்கிறாள், எந்தெந்த ஏபி தேர்வு எழுதுகிறாள், 21 எப்போது ஆகிறது, இந்த மூன்றையும் எழுதுங்கள். டி ஆன்சாவில் இரண்டு வருடத்தில் முடியுமா, மூன்று ஆகுமா என்று குவார்ட்டர் குவார்ட்டராக வரைந்து காட்டுகிறேன், மே 1-க்கு முன்னால் அது உங்கள் கையில் இருக்கும்.